சாது ஏறிய பட்டாணி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து மூக்கால் அழக்கூடாது.

போன வாரம் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "எழுத ஒண்ணுமே சிக்கலன்னு புலம்புவியே, நான் ஒண்ணு தரேன், எழுதுறியா?" என்றாள். இதுவரை அவள் எனக்குத் தந்ததெல்லாம் கம்பி வளைந்த குடைகளும் புத்திமதியும்தான். சந்தேகத்தோடுதான் உள்ளே கூப்பிட்டேன்.

மூன்று நிபந்தனை போட்டாள். பேர் வரக்கூடாது. ஊர் வரக்கூடாது. வியாழக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. [என் கதைக்காக ஒருத்தி அவசரப்படுகிறாள் என்றால் எந்த எழுத்தாளருக்குத்தான் தலைகால் புரியும்?]

"அத்தானுக்கு இத முதல்ல காட்டட்டுமா, வேணாமா?" என்று கேட்டேன். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். என் கதைகளுக்கு முதல் வாசகர் அவர்தான். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டுதான் படிக்கவே உட்காருவார். தப்பு கண்ணில் பட்டால் வட்டம் போடுவார். அவர் பென்சில் படாமல் என் கதை ஒன்றுகூட அச்சுக்குப் போனதில்லை.

"எப்பவும் போலக் குடு. வழக்கத்த ஏன் மாத்தணும்?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கேட்டாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்தபோது

[வேண்டாம். கதை தொடங்கத் தெரியாதவர்கள்தான் மழையைக் கூப்பிடுவார்கள்.]

இரண்டாம் முயற்சி:

வைரஸ் என்பது உயிருள்ளதா, உயிரற்றதா என்னும் கேள்விக்கு அறிவியலாளர்கள் இன்றுவரை

இதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "எனக்கே கொட்டாவி வருதுடி" என்றாள். இத்தனைக்கும் அவளுக்கு அதுதான் சோறு போடுகிறது.

மூன்றாம் முயற்சி. இது நிற்கும்போல் இருக்கிறது:

அவள் தன் விரலால் செடிகளுக்கு நோய் கொடுப்பவள்.

விதைச் சோதனை நிலையத்தில் அவளுக்கு அதுதான் வேலை. நோயுள்ள இலையைப் பீங்கான் கல்வத்தில் போட்டு, கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டு அரைப்பாள். நல்ல செடியின் இலைமேல் மெல்லிய கீறல் விழுவதற்காக நைசான உரசுபொடியைத் தூவுவாள். இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, வலது சுட்டுவிரலைச் சாற்றில் தோய்த்து இலைமேல் ஒரு தேய். அழுத்தினால் இலை கிழியும். பட்டும்படாமலும் தேய்த்தால் வைரஸ் உள்ளே போகாது. "குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற அழுத்தம்" என்பது அக்காவின் கணக்கு. அப்புறம் இலையைக் கழுவிவிட்டு, செடிக்கு நோய் வருகிறதா என்று காத்திருப்பாள். வந்தால் அந்த ரகம் நோய்க்குப் பணிந்தது. வராவிட்டால் எதிர்த்தது.*

* ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். அக்காவின் கை எப்போதும் வறண்டு சுருங்கித்தான் இருக்கும். சின்ன வயதில் என் கன்னத்தை அவள் கிள்ளியபோது இருந்த கை இது இல்லை.

3

இப்போது கொஞ்சம் பாடம். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

பட்டாணியில் தேமல் உண்டாக்குகிற வைரஸ் ஒன்று இருக்கிறது. வைரஸ் ஒன்றுதான், ஆனால் திரிபுகள் பல. அக்காவின் ஆய்வகத்தில் இரண்டுக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்: ரவுடி, சாது. இரண்டுக்கும் உள்ளே இருக்கிற வேறுபாடு துளியூண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

ரவுடி புகுந்த செடி கத்தி ஊரைக் கூட்டும். இலை சுருளும், பற்றுக்கம்பிகள் முடிச்சாக முறுக்கிக்கொள்ளும், செடி குட்டையாக நின்றுவிடும். சாலையில் சைக்கிளில் போகிறவருக்குக்கூடத் தெரியும். உடனே பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அது காய்ப்பதே அபூர்வம் என்பதால் ரவுடி விதை வழியாக அதிகம் பரவுவதில்லை.

சாது புகுந்த செடியில் ஒன்றும் தெரியாது. இளம் இலை லேசாக வெளுக்கும், பிறகு அதுவும் தேறிவிடும். செடி பூக்கும், காய்க்கும். சாது விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த பருவத்தில் விதையோடு வயலுக்குப் போகும். அங்கே அசுவினிப் பூச்சிகள் அதைச் செடி செடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"இதுல ரொம்ப மோசம் எது?" என்று கேட்டேன்.

"நீ என்ன நெனைக்கிறே?"

"ரவுடிதான்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க" என்றாள் அக்கா.

இன்னும் ஒரே ஒரு விஷயம். கதையே இதில்தான் நிற்கிறது. சாது ஏற்கெனவே குடியிருக்கிற செடிக்குள் ரவுடியால் நுழைய முடியாது. முதலில் ஏறித் துண்டு போட்டவனுக்குத்தான் சீட்டு.

4

அத்தானுக்கு வருவோம். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். சுண்ணாம்பு உதிர்கிற ஓர் அறையில், தலைக்கு மேல் ஆடுகிற ஒரு மின்விளக்கின் கீழ் உட்கார்ந்து பாதி ஆயுளைக் கழித்தார்.

அந்த நேரத்தில்தான் நிலையத்தில் ஒரு புதிய பட்டாணி ரகம் உருவானது. அக்கா அதன் இலையில் ரவுடியைத் தேய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை தேய்த்தாள். செடி அசைந்துகொடுக்கவில்லை. ரவுடி தேய்க்காத ஒரு செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வைரஸ் காட்டும் திரவத்தை விட்டுப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. 'நோய் எதிர்க்கும் ரகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், நடுக்கூடத்தில் அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாளாம். என் அக்கா குதித்து நான் பார்த்ததே இல்லை.

அந்தக் குதிப்பை நம்பி அத்தான் வேலையை விட்டார். நிலம் குத்தகைக்கு எடுத்தார். நிலையத்துக்காக அந்த ரகத்தின் விதையை வளர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. பத்தி பத்தியாகப் பிழை பார்த்த அதே கண்ணால் பாத்தி பாத்தியாகப் போய்ச் சுருண்ட இலையைத் தேடினார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விளைந்த விதையெல்லாம் இப்போது அவர் கொட்டகையில் மூட்டையாக நிற்கிறது. வெள்ளிக்கிழமை காலை லாரி வரும். பக்கத்துப் பகுதிகளில் பட்டாணி போடுகிற பலருக்கும் அந்த விதை போய்ச் சேரும்.

[வியாழக்கிழமைக்கு ஏன் அவசரம் என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

5

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அக்கா பயந்தாள் என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்கவில்லை. பயப்படவில்லை என்று எழுதினால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நிலையத்தில் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடத்தின் மூலையில், புதிய ரகத்துக்குப் பக்கத்துப் பலகையில், வேறு ஏதோ வேலைக்காகப் பழைய ரகச் செடிகள் சில இருந்தன. எல்லா வயல்களிலும் இன்றுவரை போடுகிறார்களே, அந்த ரகம். ஒருநாள் காலையில் அவற்றின் உச்சி இலைகளில் நரம்பு வெளுத்திருப்பதைப் பார்த்தாள். இலையைத் திருப்பினால் அடியில் அசுவினிகள். பூச்சி வராமல் கட்டிய வலையில் எங்கோ ஓட்டை. ரவுடி தப்பித்துவிட்டது என்று நினைத்துத் திரவத்தை விட்டுப் பார்த்தாள். ரவுடி இல்லை என்றது.

அப்படியானால் என்ன நோய்? எங்கிருந்து வந்தது? அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் நோயே அண்டாத புதிய ரகம் மட்டும்தான்.

அவள் அப்படியே நின்றாள். கண்ணாடிக் கூரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் செய்யக் கூடாததைச் செய்கிறவள்போலக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, புதிய ரகத்தில் எது ரொம்பச் செழிப்போ அந்தச் செடியின் இலையைக் கிள்ளினாள். பளபளவென்று குறையே சொல்ல முடியாத இலை. அரைத்தாள். பழைய ரகத்தின் புதுச் செடிகள் ஒரு வரிசையில் அந்தச் சாற்றைத் தேய்த்தாள். பக்கத்து வரிசையில் வெறும் தண்ணீரைத் தேய்த்தாள். வலையைத் தைத்து இறுக்கினாள்.

பிறகு காத்திருந்தாள். காலையில் எழுந்ததும் டீகூடக் குடிக்காமல் கிளம்புவாள். அத்தான் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "இன்னிக்கு என்ன சீக்கிரமே கெளம்புறே?" என்பார். "சும்மாதான்" என்பாள். கூடத்துக்குப் போனால் இரண்டு வரிசையும் பச்சைப்பசேல் என்று நிற்கும். அப்பாடா என்று இருக்கும். மறுநாள் காலை மறுபடியும் டீ குடிக்காமல் ஓடுவாள்.

ஒரு காலையில் சாறு தேய்த்த வரிசை முழுவதும் இலை கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. தண்ணீர் தேய்த்த வரிசை சுகமாக நின்றது.

அப்படியென்றால் புதிய ரகத்துக்கு

[அக்கா இந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. நான் முடிக்கிறேன்.]

அப்படியென்றால் புதிய ரகத்துக்கு எதிர்ப்பு என்று ஒன்றும் கிடையாது. அதன் விதைக்குள் முதலிலிருந்தே சாது உட்கார்ந்திருந்தது. அதனால்தான் ரவுடிக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தத் திரவமோ ரவுடியைப் பிடிக்கவென்றே செய்தது, சாது அதன் கண்ணில் படாது. 'ஆரோக்கியமான செடி' என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாளே, அதுவும் அதே பையில் எடுத்த விதைதான். நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு நோயாளிக்கு நலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

புதிய ரகத்தில்தான் அது சாது. பழைய ரகத்தில் புகுந்தால் கதையே வேறு. சாறு தேய்த்த செடிகளை அக்கா காய்க்கும்வரை விட்டுப் பார்த்தாள். காய்கள் வற்றிச் சூம்பின, விதைத்தோல் வெடித்தது. வெள்ளிக்கிழமை லாரி போகிற ஒவ்வொரு வயலுக்கும் வரப்புக்கு அந்தப் பக்கம் பழைய ரகம்தான் நிற்கிறது.

6

நிலையத்தின் தலைவருக்கு எல்லாரும் வைத்த பெயர் 'அவசரமில்லை'. வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வரும்.

அக்கா போய் எல்லாவற்றையும் சொன்னதும், "அவசரமில்லம்மா" என்றார். "மூலைல நாலு செடி சுருண்டா அது ஒரு சாட்சியா? அடுத்த பருவத்துல முறையா பண்ணிப் பாப்போம்."

"வெள்ளிக்கிழமை லாரி போகுது சார்."

"போகட்டுமே. உங்க கையெழுத்து இருக்கு, என் கையெழுத்து இருக்கு. இந்த நாலு செடிய வெச்சு நான் நிறுத்த முடியாது. விதை வளத்தவர் குடுக்க மாட்டேன்னா அது வேற. அது அவர் இஷ்டம், ஒப்பந்தத்துலயே இருக்கு."

"விதை வளத்தவர் என் வீட்டுக்காரர் சார்."

"அட, அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. வீட்டுலயே பேசிக்கலாமே!" என்று சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுத்தார்.

இந்த ஆளை நான் கோமாளியாக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

7

முடிவுகள். ஒவ்வொன்றையும் எழுதி அக்காவுக்குப் போனில் படித்தேன்.

முடிவு அ. அக்கா அத்தானிடம் சொல்லிவிடுகிறாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய், மூட்டைகளை ஒவ்வொன்றாகக் களத்துக்கு இழுத்து வந்து தீ வைக்கிறார்.

"பேசாம இருப்பாரா? அவரா? ஒரு கால்புள்ளி தப்பா இருந்தாலே ரெண்டு நாள் அதையே சொல்லிக்கிட்டு இருப்பார். போய் வேற எழுது."

முடிவு ஆ. லாரி வருகிற அன்று வழியிலேயே எஞ்சின் புகைகிறது. அதற்குள்

"அய்யய்ய. கேவலமா இருக்குடி."

எனக்கே கேவலமாகத்தான் இருந்தது. விட்டேன்.

முடிவு இ. அக்கா சொல்லவில்லை. லாரி போகிறது. அடுத்த பருவத்தில் அத்தான் உற்சாகமாக ஒவ்வொரு வயலாகப் பார்க்கக் கிளம்புகிறார். வரப்பில் ஏறி நிற்கிறார். அந்தப் பக்கத்து வயலில், அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்த அந்தச் சுருள்

"நிறுத்து."

போனில் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. அப்புறம், "வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேல்ல?" என்றாள்.

8

புதன்கிழமை மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். மூட்டை எப்படி அடுக்கியிருக்கிறது, வாசனை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். எழுத்தாளர்கள் இப்படித்தான் பக்கத்து வீட்டு நெருப்பில் குளிர்காய்வார்கள்.

அக்கா இதற்குள் அவரிடம் சொல்லியிருப்பாள், அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிப் போனேன். சீழ்க்கைச் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் மேசை போட்டு, விதையை உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா. பிழை திருத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். தோல் கீறிய விதை ஒன்றை எடுத்து ஒதுக்கினார். "தப்புன்னு இவ்வளவுதான் தேறிச்சு. ஒரு கைப்பிடி. அச்சகத்துல ஒரு பக்கம்கூட இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல. உங்க அக்கா கைராசி, வேறென்ன!"

அவர் ஒதுக்கிய விதைகளை நான் எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"கதை எங்கே? பென்சில் சீவி ரெண்டு நாளாச்சு. இந்தத் தடவை எதப் பத்தி?"

"ப... பட்டாணி."

"அட! என் பொழப்பையே எழுதுறியா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம ரகத்தப் பத்தி ரெண்டு வார்த்தை பெருமையா எழுது. நான் வட்டம் போட மாட்டேன், சத்தியமா."

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருமுனை வரைக்கும் ஓடினேன் என்றே சொல்லலாம்.

9

"நீ அவர்கிட்ட சொல்லவே இல்லையா?" என்று தெருமுனையிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"எத்தன தடவ வாயத் தொறந்தேன் தெரியுமா?" என்றாள் அக்கா. "தொறந்தா உப்பு போதுமான்னு கேக்குறேன்."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா? உனக்கு நான் தங்கச்சியா, தபால்காரியா?" கோபம் வந்தால் எனக்குக் குரல் கீச்சிடும். கீச்சிட்டது. "இவ்வளவு நாளா முடிவு சரியில்ல, முடிவு சரியில்லன்னியே. நான் என்னமோ நல்லா எழுதணும்னு பாடுபட்டேன். நீ என்னடான்னா..."

"கத்தாதே. கேளு." அவள் குரல் உடைந்திருந்தது. "நேர்ல சொன்னா அவர் என் மூஞ்சியத்தான் பாப்பார். நான் அழுவேன். அழுதேன்னா, 'போகட்டும் விடும்மா, உன் பேர் கெடக்கூடாது, லாரி போகட்டும்'னு சொல்லிடுவார். எனக்காகச் சொல்லிடுவார்டி. எனக்குத் தெரியும். நானும் சரின்னு தலையாட்டிடுவேன். அதுதான் எனக்குப் பயம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பேப்பர்ல இருந்தா அவர் ஆளப் பாக்க மாட்டார். தப்பத்தான் பாப்பார்" என்றாள்.

10

வாசகர்களே, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இந்தப் பகுதி உங்களுக்கில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால் அவர் படித்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.

அத்தான்,

இன்று வியாழக்கிழமை. அக்கா மூன்று நிபந்தனை போட்டாள், நானும் ஒன்று போட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு ஒப்புக்கொண்டாள். அந்த வறண்ட கையை மடியில் கோத்துக்கொண்டு இப்போது அங்கேதான் இருப்பாள். தயவுசெய்து இன்னும் நிமிராதீர்கள். நிமிர்ந்தால் அவள் முகம் தெரியும். முகத்தைப் பார்த்துவிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தப் பக்கங்களில் எழுத்துப்பிழை நிறைய இருக்கும். அவசரத்தில் எழுதினேன், அதையெல்லாம் இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். நம்ம ரகத்தைப் பற்றிப் பெருமையாக இரண்டு வார்த்தை கேட்டீர்கள். எழுத முடியவில்லை. அதற்காக நான் அழுதேன்.

முடிவு மூன்று எழுதினேன், மூன்றும் பொய். நான்காவது எனக்கு எழுதத் தெரியவில்லை. அது என் வேலையும் இல்லை. தொடங்கி மட்டும் வைத்திருக்கிறேன், மீதிக்கு இடம் விட்டிருக்கிறேன். முதலில் அதை எழுதுங்கள். எழுதிவிட்டு அப்புறம் அவளைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. அத்தான் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, ஓட்டுநரிடம்